நல்ல முன்னேற்றம் காரணமாக

முடியாது என்று சொல்வதுதான் என் வேலை. வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே, பழுது பார்க்கும் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வாங்கிப்போன மிக்ஸியையும் இஸ்திரிப் பெட்டியையும் கோபத்தோடு தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், முகத்தில் சிரிப்பு மாறாமல், முடியாது என்பதை அந்தச் சொல்லே வாயில் வராமல் சொல்லி அனுப்ப வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. கத்திக்கொண்டே வந்தவர்கள் எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதனால் கல்வி அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது, எழுதியவர் யாரென்று தெரியாவிட்டாலும் என் தொழில்காரர் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. 'தங்கள் மகளின் மகிழ்ச்சியளிக்கும் முன்னேற்றத்தைக் கருத்தில் கொண்டு' என்று ஆரம்பித்தது. மகிழ்ச்சி என்று ஆரம்பிக்கிற கடிதம் எதையோ பிடுங்கத்தான் வரும். நானே அப்படி எழுதுகிறவள். இரண்டாவது பத்தியில் விஷயம் இருந்தது: நல்ல முன்னேற்றம் காரணமாக, அடுத்த பருவத்திலிருந்து வகுப்பில் துணை ஆசிரியை தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறார்களாம்.

எங்கள் மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். யார் எந்தத் துண்டால் முகம் துடைக்க வேண்டும், அப்பாவின் செருப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும், நான் எப்போது டீயைக் குடித்து முடிக்க வேண்டும் எல்லாம் அவள் உத்தரவுப்படிதான். காது நன்றாகக் கேட்கும். புத்தியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பேச்சு வேகமாக, நீளமாக, நாலு பக்கமிருந்தும் வந்தால் அவளுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு விஷயம் சொன்னால் செய்வாள். மூன்றைச் சேர்த்துச் சொன்னால் மூன்றும் போய்விடும். அதற்கு டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்கு இன்றுவரை வாயில் நுழையவில்லை.

வகுப்பில் அவள் பக்கத்தில் துணை ஆசிரியை ஒருவர் உட்காருகிறார். என் பெண் அவரை அக்கா என்பாள், நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். டீச்சர் ஒரே மூச்சில், கணக்குப் புத்தகத்தை எடுத்து, நாற்பதாம் பக்கத்தைத் திறந்து, முதல் மூன்று கணக்கை விட்டுவிட்டு மிச்சத்தைப் போடுங்கள் என்பார். அக்கா மெல்லக் குனிந்து, "புத்தகம்" என்பார். அது மேசைக்கு வந்ததும் பக்கத்தைக் காட்டுவார். அப்புறம் கணக்கை. அவ்வளவுதான் வேலை. கேட்பதற்கு ஒன்றுமே இல்லை போலிருக்கும்.

அந்த ஒன்றுமே இல்லாத வேலைக்கு ஆள் இல்லாதபோது என் பெண் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும். முதல் வகுப்பு முழுக்க மேசையில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தாள். தூங்குமூஞ்சி என்றார்கள், பிடிவாதம் என்றார்கள். கடைசியில் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, கரிசனமான மெல்லிய குரலில், இவளுக்குத் தோதான வேறு இடம் பார்க்கலாமே என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அக்கா போனால் என் பெண் மறுபடி கவிழ்ந்துவிடுவாள். அவள் கவிழ்ந்தால் அந்தக் குரல் மறுபடி வரும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பயந்தது இதற்குத்தான். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அன்றும் வந்தது.

முதலில் மாட்டியவர் வீட்டுக்காரர். அலுவலகத்தில் அவளைச் சோதித்துப் போட்ட மதிப்பெண்களைக் கடிதத்தோடு இணைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, எல்லாத்துலயும் நல்ல மார்க். வாக்கியம் புரிஞ்சுக்கிறதுல முழுசு."

"சந்தோஷமா?"

"பின்னே? பொண்ணு பாஸாயிருக்கா."

"அதனாலதான் அக்காவை எடுக்கிறாங்க. கீழே படிங்க."

படித்தார். படிக்கப் படிக்க அவர் உட்காருகிற விதமே மாறியது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவரிடம் படித்தவர்கள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. டெஸ்ட் எந்தத் தெருவில் நடக்கும், எந்த முனையில் அதிகாரி நிறுத்தச் சொல்வார், என்ன கேட்பார் என்று அலசி, அதையே திரும்பத் திரும்ப ஓட்ட வைத்து, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். சோதனை என்று ஒன்று வந்தால் அதில் ஜெயிக்க வைப்பதைத் தவிர இந்த மனிதருக்கு வேறெதுவும் தெரியாது. பெண்ணுக்கு மதிப்பீடு என்று தேதி வந்ததும், போன தடவை என்னென்ன கேட்டார்கள் என்று நினைவில் கொண்டுவந்து, தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் காரில் வைத்துப் பழக்கியிருக்கிறார். படத்தைப் பார்த்துக் கதை சொல்வது, சொன்னதைத் திருப்பிச் சொல்வது, எல்லாம். புரியாவிட்டாலும் திருதிருவென்று விழிக்கக் கூடாது, சிரித்த முகமாகத் தலையாட்ட வேண்டும் என்பது வரைக்கும்.

"உங்களுக்கு ஏதாவது இருக்கா மண்டையில? அவளுக்கு என்ன கஷ்டம்னு பாக்கத்தான் அவங்க கூப்பிட்டாங்க. நீங்க மேக்கப் போட்டு அனுப்பியிருக்கீங்க."

"எம் பொண்ணு ஒருத்தர் முன்னாடி உக்காந்து தோக்கட்டும்னு நான் எப்படி விடுவேன், சொல்லு" என்றார்.

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அதைக் கேட்டபிறகு கடிதத்தை வாங்கி மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடித் தடுப்பு, அதில் பேசுவதற்கு வட்டமாக ஒரு துளை, எதிரே ஆணியடித்து நிறுத்தின பிளாஸ்டிக் நாற்காலிகள். துளைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இது சந்தோஷமான விஷயம்தானேம்மா" என்றார். நானும் கவுன்டரில் இதே தொனியில்தான் பேசுவேன். கேட்கிறவருக்குப் பற்றிக்கொண்டு வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் என் தொழிலில் ஒன்று கற்றிருக்கிறேன். கத்துகிறவரை நாங்கள் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்போம், அழுகிறவருக்கு டிஷ்யூ கொடுப்போம். இரண்டு பேருக்கும் வேறெதுவும் கொடுக்க மாட்டோம். எங்களுக்குக் கிலி பிடிப்பது, அமைதியாக உட்கார்ந்து, எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்கிறவரைப் பார்த்தால்தான்.

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றேன். "மதிப்பீட்டை எப்படிச் செஞ்சாங்கன்னு முழு அறிக்கை வேணும். மேல்முறையீடு யார்கிட்ட கொடுக்கணும், எந்தத் தேதிக்குள்ள கொடுக்கணும்னு சொல்லிடுங்க. வாங்கிட்டே போறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தொழில்காரி என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வழவழா கொழகொழா இல்லாமல் இரண்டையும் கொடுத்துவிட்டார்.

அறிக்கையை அங்கேயே உட்கார்ந்து படித்தேன். அதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை. நல்ல வெளிச்சமான, சத்தமில்லாத தனி அறையில் சோதனை நடந்திருக்கிறது. எதிரே ஒரே ஒரு ஆள். ஒரு சமயத்தில் ஒரு கேள்வி, பதில் வந்தபிறகு அடுத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கவுன்டரில் மிக்ஸியைச் சோதிப்பது இப்படித்தான். ஜாரில் எதுவும் போடாமல் சுவிட்சைத் தட்டுவோம். விர்ரென்று ஓடும். நன்றாக ஓடுகிறதே என்று கையில் கொடுத்து அனுப்பிவிடுவோம். வீட்டில் அரிசியைப் போட்டதும் நின்றுபோகும். ஜாரில் ஏதாவது போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கிற வாடிக்கையாளர் வந்தால்தான் நாங்கள் மேலாளரைக் கூப்பிடுவோம்.

மேல்முறையீட்டை நானே எழுதினேன். எங்கள் மகளை அவளுடைய வகுப்பில், பாடம் நடக்கும்போது, அக்கா பக்கத்தில் இல்லாமல் சோதித்தீர்களா என்று ஒரே கேள்வியைத்தான் மூன்று விதமாகக் கேட்டிருந்தேன். விசாரணைக்கு நாள் குறித்துப் பதில் வந்தது. மகளையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் காரில் பழக்கின கதையை அதில் நான் எழுதவில்லை. அது அவர் வாயால் வர வேண்டியது என்று விட்டுவிட்டேன்.

"சொன்னா ஏமாத்தினோம்னு நினைக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"நினைக்கலாம்."

"என்கிட்ட படிக்கிறவங்க காதுக்குப் போனா?"

"போகட்டுமே. உங்களுக்குத் தொழில் பெருசா, பொண்ணு பெருசா?"

"இது என்னடி கேள்வி" என்று எழுந்து போய், சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். விசாரணைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை அது. பதில் கிடைத்துவிட்டது எனக்கு.

விசாரணை அறை நீளமாக இருந்தது. நடுவில் பளபளவென்று ஒரு மேசை. அதன் அந்தப் பக்கம் குழுவினர் மூன்று பேர், நடுவில் தலைவராக ஒரு பெண்மணி. கண்ணாடியைத் தலைக்குமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில், பெண்ணைச் சோதித்த மதிப்பீட்டாளர். இளைஞர். முரடாக ஒருவரை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம்தான். சாதுவான முகம். என் பெண்ணைப் பார்த்ததும் கையசைத்தார். அவளும் அசைத்தாள். எதிரியோடு என்ன குசலம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவளை வெளியே ஒரு பணியாளரோடு உட்காரவைத்துவிட்டு ஆரம்பித்தார்கள். மதிப்பீட்டாளர் தன் அறிக்கையை விளக்கினார். வீட்டுக்காரர் எழுந்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தான் செய்ததைச் சொன்னார். சுற்றிவளைக்கவில்லை.

"நான் பழக்கினதைத்தான் அவ சொன்னா. தெரிஞ்ச ரோட்டுல ஓட்டிக் காமிச்சா. புது ரோட்டுல விட்டா அவளால முடியாது." சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டார்.

மதிப்பீட்டாளர் மரியாதையாகத்தான் மறுத்தார். பழக்கினால் கற்றுக்கொள்கிறாள் என்பதே முன்னேற்றம்தான், துணை ஆசிரியையை நம்பியே இருந்துவிட்டால் பிறகு தனியாக நிற்கமாட்டாள் என்றார். குழுவில் ஒருவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

"அதுக்குத்தான் கேக்கறோம், வகுப்புல வச்சுப் பாருங்கன்னு," என்றேன். "சத்தமில்லாத ரூம்ல ஒரு ஆள் ஒரு கேள்வி கேட்டா அவளுக்கு அக்காவே வேண்டாம். அவ வகுப்பு அப்படியா இருக்கு?"

தலைவர் என்னைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார். "குழந்தையைக் கூப்பிடுங்க" என்றார்.

மேனேஜர் முதுகில் பையோடு உள்ளே வந்தாள். அந்தச் சமயம் பார்த்து ஒருவர் தட்டில் டீ கொண்டுவந்தார். கோப்பைகள் சலசலத்தன. குழுவில் இருவர் ஏதோ காகிதத்தைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் அன்பாகத்தான் சொன்னார்.

"வாம்மா கண்ணு. பையை அங்க ஓரமா வச்சிட்டு, ஜன்னல் கிட்ட இருக்கிற நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டு உக்காரு. தண்ணி வேணும்னா எடுத்துக்கோ. ஸ்கூல்ல உனக்கு என்ன பிடிக்கும்னு எங்களுக்குச் சொல்லு பாக்கலாம்."

என் பெண் சிரித்தாள். தலையாட்டினாள். அப்படியே நின்றாள்.

அந்தச் சிரிப்பு யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். பையின் பட்டையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல், எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். தலைவர் காத்திருந்தார். கிசுகிசுப்பு நின்றது. டீக்காரர்கூட நின்றுவிட்டார். என் கை தானாக ஜன்னல் பக்கம் நீளப் பார்த்தது. மடியில் அழுத்திவைத்துக்கொண்டேன். பக்கத்தில் வீட்டுக்காரரின் வலது கால் தரையைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுக்கிற காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இங்கே தரைதான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பை என்று சொன்னால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள். நாங்கள் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை நடுச்சபையில் தவித்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். இதைவிடக் கஷ்டமான எதையும் நான் செய்ததில்லை.

அவள் சிரிப்பு மெல்லக் கழன்றுகொண்டே வந்தது. கன்னம் நடுங்கியது.

தாங்க முடியாமல் எழுந்தது மதிப்பீட்டாளர்தான். மேசையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போய், குனிந்து, பையைத் தொட்டுக் காட்டினார்.

"பை," என்றார். அவள் கழற்றினாள். "இங்க வை." வைத்தாள். ஜன்னல் பக்கம் விரல் நீட்டி, "நாற்காலி" என்றார். போய் இழுத்துக்கொண்டு வந்தாள். "உக்காரு." உட்கார்ந்தாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. "ஸ்கூல்ல உனக்கு என்ன பிடிக்கும்?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகம் தெளிந்திருந்தது.

"நீங்களும் அக்கா மாதிரியே சொல்றீங்க," என்றாள்.

மதிப்பீட்டாளர் குனிந்தது குனிந்தபடி இருந்தார். நிமிர்ந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன. சரியான சமயத்தில் சொல்வதற்கென்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது நிறைய. ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

தலைவர் அவரைக் கேட்டார். "இப்ப நீங்க போகலைன்னா என்ன ஆயிருக்கும்?"

"அழுதிருப்பா மேடம்."

"சோதனை அன்னைக்கு இப்படி நின்னாளா?"

"இல்லை," என்றார். "நான் ஒண்ணொண்ணாத்தான் கேட்டேன். அப்படிக் கேக்கணும்னுதான் விதி." நின்ற இடத்திலேயே நின்று, "வகுப்புல போய்ப் பாத்திருக்கணும்," என்றார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. அவராகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு அவர்மேல் கோபம் வைத்துக்கொள்ள முடியவில்லை. முயற்சி செய்துதான் பார்த்தேன்.

எங்களைப் பத்து நிமிடம்போல வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டார்கள். முடிவு ரத்து. துணை ஆசிரியை தொடர்வார். அடுத்த மதிப்பீடு வகுப்பறையில், பாடம் நடக்கும்போதுதான் செய்ய வேண்டும், அதுவரை யாரும் அக்காவை அசைக்கக் கூடாது. எழுத்தில் வரும் என்றார் தலைவர். கண்ணாடி அதற்குள் மூக்குக்கு வந்திருந்தது. வீட்டுக்காரரைப் பார்த்து, "அடுத்த தடவை பழக்கி அனுப்பாதீங்க சார்," என்றார். "மாட்டேன் மேடம்," என்று இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றார்.

வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று வாய்விட்டே சொன்னேன். அக்காவுக்கு உடனே போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் அவர் அழுதது கேட்டது.

மேனேஜர் மட்டும் படியிலேயே நின்றுவிட்டாள். இறங்கி வரவில்லை.

"என்னடா கண்ணா, வா," என்றார் அப்பா.

"எனக்குப் புரியாம நின்னேன்ல," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தீங்க."

அவர் என் கையை விட்டுவிட்டார்.

படியேறிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாங்க சொல்லிக்கொடுத்திருந்தா, உனக்கு அக்கா வேண்டாம்னு அவங்க நினைச்சிருப்பாங்க. அக்காவைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

"நீங்க வேணும்னுதான் பேசாம இருந்தீங்களா?"

"ஆமா. வேணும்னுதான். எங்களுக்கும் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு."

அவள் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது குறுக்கே பேசக் கூடாது. பேசினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். நாங்கள் காத்திருந்தோம். படியேறிப் போனவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்றாள் கடைசியில். "அக்காவுக்காகன்னா நான் இன்னும் ரொம்ப நேரம் நின்னிருப்பேன்."